சிரிக்கிற வாயைப் பார்க்காதீர்கள்

நம் வண்ணமீன் கடைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்கள் இரண்டு பேருக்கும் இதை எழுதுகிறேன். எழுதிப் பழக்கமில்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தினவன். வேலையை விட்டுப் போகிறவர்கள்தான் பின்னால் வருகிறவர்களுக்குப் புத்தி சொல்வார்கள், அவர்களுக்குத் தலை நரைத்திருக்கும். எனக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகவில்லை. ஆனாலும் இந்த மாதத்தோடு போகிறேன். அம்மாவால் அந்த வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. காரியாபட்டியில் மாமா வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்திருக்கிறோம்.

புஸ்ஸுவைக் கொண்டுபோக முடியாது. பஸ்ஸில் அவ்வளவு தூரம் சூடு தாங்காது. போகிற வீட்டில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. கடைசித் தொட்டியில் இருக்கிற அந்த ஆக்சோலாட்டில் பிராணி இனி உங்கள் பொறுப்பு. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

தண்ணீர் மாற்றுவது, ஃபேன் போடுவது, புழு கொடுப்பது எல்லாம் முதலாளி அண்ணாச்சி காட்டிக் கொடுப்பார். திட்டிக்கொண்டேதான் காட்டுவார், அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். நான் சொல்ல வந்தது வேறு.

ஆக்சோலாட்டில் என்பது மீனும் இல்லை, பல்லியும் இல்லை. தண்ணீருக்குள்ளேயே நான்கு காலால் நடக்கும். தலைக்கு இரண்டு பக்கமும் செவுள் இறகு மாதிரி வெளியே நிற்கும். குளிர்ந்த தண்ணீரில் இருக்க வேண்டிய உயிர். அதைக் கொண்டுவந்து நம் சிவகாசி வெயிலில் விற்கிறோம். அதனால் அதற்கு என்ன வந்தாலும் முதலில் நம்மிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். மாட்டு டாக்டரிடம் போனால் அவர், “ஆடு மாடுன்னா சொல்லுவேன், இதுக்கு நீங்களே பாருங்க” என்று நியாயமாகச் சொல்லி அனுப்பிவிடுவார்.

அதன் வாய் சிரிக்கிற மாதிரி இருக்கும். பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு அக்கா வாளியில் ஒன்றைக் கொண்டுவந்து, “ரெண்டு நாளா சாப்பிடல, ஆனா சந்தோசமாத்தான் இருக்கு, சிரிச்சுக்கிட்டே கெடக்கு” என்றார். நான் தலையாட்டினேன். அண்ணாச்சி கல்லாவில் இருந்தபடியே எட்டிப் பார்த்தார்.

“ஏலே, அது செத்தாலும் அப்படித்தான் சிரிக்கும். அது வாயோட அமைப்பு. வாயைப் பாக்காத, செவுளைப் பாரு. வாலைப் பாரு.”

செவுள் முன்பக்கமாகச் சுருண்டிருந்தது. வால் நுனி கொக்கி மாதிரி மடங்கியிருந்தது. தண்ணீர் சுட்டது. நான் இந்தத் தொழிலில் கற்றதில் பாதி அந்த ஒரு பேச்சுதான்.

மீதிப் பாதி ஒரு பயர் ஆபீஸ்காரரிடம் கற்றது. விஸ்வநத்தம் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிற இடத்தில் வேலை பார்க்கிறவர். மகளுக்கு ஆக்சோலாட்டில் வாங்கிக் கொடுத்திருந்தார். அப்பாவும் மகளும் சேர்ந்து வந்தார்கள். அதன் தோல் முழுக்கக் கோழை மாதிரி படிந்திருந்தது. செவுள் கருகிப்போயிருந்தது. மகள், “தண்ணி மாத்துறோம், ஐஸ் பாட்டில் போடுறோம், எல்லாம் சொன்னபடி செய்றோம்ணே” என்று அழுகிற குரலில் சொன்னாள்.

அண்ணாச்சி தொட்டியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணை, “அங்கன புது கப்பி மீனு வந்திருக்கு, போயி பாரு தாயி” என்று உள்ளே அனுப்பினார். பிறகு அப்பாவிடம் மெதுவாகக் கேட்டார்.

“வேலை விட்டு வந்ததும் தொட்டிக்கிட்ட போவீகளோ?”

“போவேன். தண்ணி சில்லுனு இருக்கான்னு கைய விட்டுப் பாப்பேன். அது வந்து வெரலை மோந்து பாக்கும்.”

சொல்லிக்கொண்டே அவர் தன் கையைப் பார்த்தார். உங்களுக்கே தெரியும், அந்த வேலை பார்க்கிறவர்கள் கை வெள்ளிப் பூச்சு பூசின மாதிரி இருக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணிலும் ரேகையிலும் அலுமினியப் பொடி நிற்கும். ஆக்சோலாட்டிலுக்குத் தோல்தான் பாதி மூக்கு. தண்ணீரில் எது இருந்தாலும் உடம்புக்குள் போய்விடும்.

அவர் கையை மடக்கிக்கொண்டார். “நான் ஆசையாத்தான விட்டேன்” என்றார்.

“ஆசை இல்லாதவன் எதுக்குக் கைய விடப்போறான்? இனிமே ஒரு சொம்புல மோந்து, சொம்பைத் தொட்டுப் பாருங்க. கை வேண்டாம். அம்புட்டுத்தான்.”

மகளை அழைத்தபோது அண்ணாச்சி, “தண்ணி சரியில்லம்மா, இனி சரியாயிரும்” என்று மட்டும் சொன்னார். அது பிழைத்தது. அந்த அப்பா இன்னும் புழு வாங்க வருவார். வந்தால் தொட்டிகளிடமிருந்து தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். அவருக்கு ஒரு ஸ்டூல் போடுங்கள்.

அவர் போன பிறகு நான் கேட்டேன். “ஏன் அண்ணாச்சி, உங்க கையாலதான் வந்துச்சுன்னு நேரடியா சொல்லிட்டா என்ன?”

“சொன்னா அந்தாளு வீட்டுல அந்தக் கைய வச்சு எப்படிலே சோறு திம்பான்? என்ன செய்யணும்னு சொல்லு. என்ன செஞ்சாகன்னு அவுகளே கண்டுக்கிடுவாக.”

நோயைக் கண்டுபிடிப்பது வேறு, அதைச் சொல்வது வேறு என்று அன்றைக்குத் தெரிந்தது. கண்டுபிடிக்க முடியாமல் நான் திணறியது குறைவு. சொல்ல முடியாமல் திணறியதைத்தான் இனி எழுதப் போகிறேன்.

என் தங்கச்சி பெயர் மாரீஸ்வரி. மாரி என்போம். ஒரு கம்பெனியில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிற வேலை. புஸ்ஸு அவளுடையது. இங்கே ஒரு லோடில் வந்த குட்டிகளில் ஒன்றை மற்றது கடித்து ஒரு கால் போயிருந்தது. காலில்லாததை யார் வாங்குவார்கள்? அண்ணாச்சி, “கொண்டு போலே” என்று கொடுத்துவிட்டார். மாரி அதன் செவுளைப் பார்த்ததும், “புஸ்வாணம் எரியிற மாதிரியே இருக்குண்ணே” என்றாள். அப்படித்தான் புஸ்ஸு என்று பெயர் வந்தது.

தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டுவாள். வேலைக்குப் போகிற வழியில் சோடாக் கடை ஃபிரிட்ஜில் தண்ணீர் பாட்டிலைப் போட்டுவிட்டு, வருகிற வழியில் ஐஸாக எடுத்து வருவாள். போன கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப முளைத்தது. முதலில் ஒரு மொட்டு, பிறகு விரல்கள். தெருவில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாள். “எங்க ஆபீஸ்ல ஒரு அண்ணனுக்கு வெரல் போச்சு. இதுட்ட கேட்டு வாங்கணும் அந்த வித்தைய” என்பாள்.

எங்கள் அம்மாவுக்குத் தெருவில் ஒரு மரியாதை உண்டு. யார் வீட்டுப் பிள்ளைக்கு அம்மை போட்டாலும் அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். வந்து பார்த்து, இது சின்னம்மை, இது தட்டம்மை என்று சொல்வார். வேப்பிலை கட்டி, மஞ்சள் அரைத்துப் பூசி, வீட்டில் தாளிக்கக் கூடாது, மருந்து மாத்திரை கூடாது, வெளி ஆள் உள்ளே வரக் கூடாது என்று சொல்லிவிட்டு வருவார். பிள்ளைகளும் எழுந்துவிடுவார்கள். மாரிக்கு அந்தப் பெயர் வைத்ததே அம்மாவின் வேண்டுதலால்தான்.

தீபாவளி சீசனில் மாரிக்குக் காய்ச்சல் வந்தது. டாக்டர் மாத்திரை கொடுத்து, விடாவிட்டால் ரத்தம் பார்க்க வேண்டும் என்றார். காய்ச்சல் தானாக விட்டது. விட்ட அன்றைக்கு நெஞ்சிலும் கையிலும் சிவப்பாகப் புள்ளி தெரிந்தது. அம்மா பார்த்தார். “ஆத்தா வந்திருக்கா” என்று கையெடுத்துக் கும்பிட்டார். மாத்திரைகளை எடுத்து உள்ளே வைத்தார். வாசலில் வேப்பிலை ஏறியது.

மாரி சிரித்தாள். “சீசன்ல லீவு கேட்டா மேஸ்திரி கடிப்பான். ஆத்தாவே லீவு வாங்கிக் குடுத்துட்டா.”

முகமெல்லாம் மஞ்சளோடு படுத்துக்கொண்டு, “அண்ணே, புஸ்ஸுக்குப் புழு போட்டியா” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வயிறு வலிக்கிறது என்றாள். சூட்டு வலி என்று அம்மா இளநீர் கொடுத்தார். காய்ச்சல் விட்டுவிட்டது, சிரிக்கிறாள், பேசுகிறாள், அதனால் நானும் கடைக்கு வந்தேன். மறுநாள் அவள் கை காலெல்லாம் ஜில்லிட்டுப் போயிற்று. மதுரைக்குக் கொண்டுபோனோம். திரும்பிக் கொண்டுவந்தோம்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். டெங்குவாம். காய்ச்சல் விடுகிற நேரம்தான் மோசமான நேரமாம். அந்தப் புள்ளிகளும் அதனால் வந்ததுதானாம். அம்மா வெளியே பெஞ்சில் இருந்தார். நான் வெளியே வந்ததும், “ஆத்தா கூட்டிக்கிட்டாளாடா?” என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். யார் தொட்டியைப் பார்ப்பது? சாக்கு காய்ந்துபோனது. தண்ணீர் கெட்டது. ஒருநாள் மத்தியானம் நான் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது தொட்டி மஞ்சளாக இருந்தது. உள்ளே கொத்துக் கொத்தாக வேப்பிலை மிதந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“இதுக்கும் அம்மை போட்டுருச்சுடா. வெள்ள வெள்ளையா பூத்திருக்கு பாரு. மஞ்சள் கரைச்சு விட்டிருக்கேன். எறங்கிரும்.”

செவுளில் பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளையாக இருந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது, பூஞ்சை. கெட்ட தண்ணீராலும் சூட்டாலும் வந்தது. அதன் மேல் மஞ்சளும் வேப்பிலைச் சாறும். வெளுத்த உடம்பெல்லாம் மஞ்சள் ஏறிப்போய், வாய் மட்டும் சிரித்தபடி, அடியில் கிடந்தது. மாரியும் இந்த மஞ்சளோடுதான் கிடந்தாள்.

என் வாயில் ஒரு வார்த்தை வந்து நின்றது. அன்னைக்கும் இப்படித்தானம்மா செஞ்ச. அது வெளியே வந்திருந்தால் எங்கள் வீட்டில் இன்னொரு ஆளும் போயிருக்கும். பதறுகிற நேரத்தில் கையை விட வாயை முதலில் அடக்குங்கள் என்று உங்களுக்கு நான் சொல்வது இதனால்தான்.

நான் அந்தப் பயர் ஆபீஸ்காரரின் மடக்கிய கையை நினைத்தேன்.

“அம்மா, ஒரு வாளி நல்ல தண்ணி கொண்டா. குடத்துல நேத்துப் பிடிச்சது இருக்குல்ல, அதுதான் வேணும். இன்னைக்கு வந்ததுல பிளீச்சிங் இருக்கும்.”

“எதுக்குடா? அம்மை போட்ட உடம்பைத் தூக்கக் கூடாது.”

“இது செவுள்ல மூச்சு விடுற உசுரும்மா. தண்ணி கலங்குனா மூச்சு முட்டும். வேப்பிலை இருக்கட்டும், தண்ணிக்குள்ள வேண்டாம். தொட்டிக்கு வெளியே கட்டு.”

அம்மா யோசித்தார். எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். வேப்பிலையை நான் எறியவில்லை. அம்மாவே ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு கொத்தாக்கி, தொட்டிக்கு மேல் ஆணியில் கட்டினார். இரண்டு பேருமாகச் சேர்ந்து புஸ்ஸுவைச் சுத்தமான தண்ணீருக்கு மாற்றினோம். கல்லுப்பை அளந்து கரைத்தபோது, “அம்மைக்கு உப்பா?” என்று என் கையைப் பிடித்தார்.

“கொஞ்ச நேரம் முக்கி எடுக்குறதுதாம்மா. நீ பக்கத்துலயே இரு. அது துடிச்சா சொல்லு, ஒடனே எடுத்துருவோம்.”

அம்மாவைப் பார்க்கிற வேலைக்கு வைத்தேன். பயப்படுகிறவருக்கு ஒரு வேலை கொடுங்கள், அவர் நமக்குத் துணையாகிவிடுவார்.

அடுத்து வந்த நாட்களில் என்னைவிட அம்மாதான் தொட்டியோடு இருந்தார். வாதாமரத்துச் சருகு ஊறவைத்த தண்ணீர், ஈரச் சாக்கு, சோடாக் கடை ஐஸ் பாட்டில். மாரி நடந்த வழியிலேயே அம்மா நடந்து போய்ப் பாட்டிலை வாங்கி வந்தார். உப்பு போட்டாச்சு, இன்னும் என்ன போடலாம் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். இன்னொன்றும் போடக் கூடாது என்பதுதான் என் பதில். ஒன்றைச் செய்தால் அது கேட்கிறதா என்று பார்க்க நேரம் கொடுக்க வேண்டும். நாலையும் சேர்த்துச் செய்தால் எது காப்பாற்றியது, எது கொன்றது என்றே தெரியாது. கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் இன்னொரு மருந்து கேட்பார்கள். இல்லை என்று சொல்லப் பழகுங்கள். அண்ணாச்சி வியாபாரம் போச்சு என்று முணுமுணுப்பார், ஆனால் அவரும் கொடுக்க மாட்டார்.

ஒரு நாள் அம்மா கூப்பிட்டார். “ஏலே, நல்லாயிருச்சு போல. சிரிக்குது பாரு.”

நான் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். கடையில் எல்லாரிடமும் சொல்கிறதைப் பழக்கத்தில் அப்படியே சொல்லிவிட்டேன்.

“வாயைப் பாக்காதம்மா. அது எப்பவும் அப்படித்தான் இருக்கும். செவுளைப் பாரு.”

திரும்பிப் பார்த்தேன். தொட்டிக்குப் பக்கத்தில் குனிந்தபடியே நின்றார்.

“மாரியும் சிரிச்சுக்கிட்டுத்தானடா கெடந்தா” என்றார்.

நான் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அம்மாவும் என்னை மேற்கொண்டு கேட்கவில்லை. சாயங்காலம் நான் வந்தபோது ஆணியில் வேப்பிலை இல்லை.

புஸ்ஸு பிழைத்தது. ஒரு பக்கத்துச் செவுள் முழுசாக உதிர்ந்துபோனது. அது மெதுவாக முளைக்கும். மாரிதான் அதைப் பார்க்க இல்லை.

இதோடு முடித்திருப்பேன். இன்னொன்று நடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு அக்கா ஓடிவந்தார். மகளைத் தோளில் போட்டிருந்தார். சின்னப் பிள்ளை. மாரி செத்ததிலிருந்து யாரும் அம்மாவை எதற்கும் கூப்பிடவில்லை. அந்த அக்காவும் தயங்கித்தான் வாசலில் நின்றார்.

“மதினி, புள்ளைக்கு அம்மை போட்டிருக்கு. ஒரு எட்டுப் பாத்துச் சொல்லுங்க. வேற யாருட்ட போவேன்?”

அம்மா பிள்ளையின் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். சிவப்புப் புள்ளிகள். பிள்ளை அம்மாவைப் பார்த்துச் சிரித்தது. அம்மாவின் முகம் அப்படியே நின்றுவிட்டது.

“காய்ச்சல் எப்ப விட்டுச்சு?”

“இன்னைக்குக் காலையிலதான். இப்ப நல்லா வெளையாடுது.”

“வயிறு வலிக்குதுங்குதா?”

“ஆமா மதினி.”

அம்மா என்னைப் பார்த்தார். “வண்டிய எடுலே. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. ரத்தம் பாக்கச் சொல்லு.”

அந்த அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. “என்ன மதினி இப்படிச் சொல்லுறீக? அம்மை போட்டா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கூடாதுன்னு நீங்கதான சொல்லுவீக. ஆத்தா கோவிச்சுக்கிட மாட்டாளா?”

“கோவிச்சா எம்மேல கோவிச்சுக்கிடட்டும். எங்கிட்ட இனி எடுக்க என்ன இருக்கு அவளுக்கு” என்றார் அம்மா. “போ தாயி. நின்னு பேசாத. வேப்பிலை இங்கனதான் இருக்கும், எங்கயும் போயிராது. புள்ளைய பாத்துட்டு வா.”

ரத்தத்தில் டெங்கு என்று வந்தது. படுக்க வைத்துக் கையில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். பிள்ளை எழுந்து வீட்டுக்கு வந்தது. இப்போதும் எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கும்.

ஆஸ்பத்திரியில் அந்த அக்காவை விட்டுவிட்டு நான் திரும்பி வந்தபோது வீடு திறந்து கிடந்தது. அம்மா கொல்லையில், தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். கையில் மஞ்சள் ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு சொம்பில் தண்ணீர் மோந்து அந்தக் கைகளில் ஊற்றிக்கொண்டே இருந்தேன். அம்மாவிடம் சொல்ல வேண்டியது எதுவும் எனக்கு மிச்சம் இல்லை. அம்மாவே கண்டுபிடித்துவிட்டார். பிறகுதான் காரியாபட்டிக்குப் போய்விடலாமா என்று கேட்டார்.

நேற்று புஸ்ஸுவைக் கடைக்குக் கொண்டுவந்து விட்டோம். அம்மாவும் கூட வந்திருந்தார், நீங்கள் பார்த்தீர்கள். சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு உங்களிடம் ஏதோ சொன்னார். குரல் கம்மியிருந்ததால் உங்களுக்குச் சரியாகக் கேட்டிருக்காது. உங்கள் இரண்டு பேரில் நீ, தங்கச்சி, சும்மா தலையாட்டினாய். அதனால் திரும்ப எழுதுகிறேன். அம்மா சொன்னது இதுதான்.

“சிரிக்குதுன்னு விட்டுட்டுப் போயிராதீக.”